குளம் அறியாத ஓதம்

திருமலையில் ஆண்டுதோறும் ஐந்து நாள் நடைபெறும் தெப்போற்சவம் பால்குன மாதப் பௌர்ணமியன்று நிறைவுறுகிறது. முழுநிலவு வானில் நிற்க, சுவாமி புஷ்கரிணியில் தெப்பம் வலம் வரும். அதே இரவில், கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள வங்கக் கடலின் நீர்மட்டம் சில மணி நேரத்துக்குள் ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்து, பின்னர் அதே அளவு தாழ்கிறது. கடலை ஏற்றி இறக்கும் சந்திரன்தான் புஷ்கரிணிக்கு மேலும் நிற்கிறது. ஆயினும் குளத்தின் படிக்கட்டில் நீர்க்கோடு ஓர் இழையும் மாறுவதில்லை.

கடலுக்கு ஒரு நீதி, குளத்துக்கு ஒரு நீதியா? இந்தக் கேள்விக்கு விடை கண்டால் ஓதத்தின் காரணம் பெரும்பாலும் விளங்கிவிடும். இலக்கியம் ஓதம் என்று சொல்வதைக் கடற்கரை மக்கள் ஏற்றம், வற்றம் என்பர்.

சந்திரன் கடல்நீரைத் தன்பால் இழுத்து மேலே தூக்குகிறது என்பதே நம்மில் பலர் பள்ளியில் கற்று நினைவில் வைத்திருக்கும் விளக்கம். அது பாதி உண்மை. மீதிப் பாதி நம்மைத் தவறான வழியில் இட்டுச் செல்வது. தலைக்கு மேல் சந்திரன் நிற்கும்போது அதன் ஓதவிசை நம் எடையில் ஏறத்தாழ தொண்ணூறு லட்சத்தில் ஒரு பங்கையே குறைக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது ஏழு மில்லிகிராம். சில மணல் துகள்களின் எடை. இவ்வளவு சிறிய விசையால் எந்த நீரையும் தூக்கிவிட இயலாது.

உண்மையில் நீர் தூக்கப்படுவதில்லை, பக்கவாட்டில் நகர்த்தப்படுகிறது. சந்திரன் நேர் உச்சியில் இல்லாமல் சாய்வாக இருக்கும் இடங்களில், அதன் ஓதவிசை நீரைத் தரைக்கு இணையாக நகர்த்த முனைகிறது. அந்தத் திசையில் புவியின் ஈர்ப்பு எதிர்த்து நிற்பதில்லை. ஆகவே மிகச் சிறிய விசையும் வேலை செய்கிறது. அதன் விளைவாக நீர்ப்பரப்பு மிக மிகச் சிறிதளவு சாய்கிறது. அந்தச் சாய்வு எவ்வளவு என்று கணக்கிட்டால், நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர்.

இப்போது குளத்துக்கு வருவோம். நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு குளத்தில் அதே சாய்வு ஏற்படும்போது, ஒரு கரைக்கும் மறு கரைக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இராது. அது ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. தெப்பத்தின் அசைவே அதனைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிய அலையை எழுப்பும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகன்ற பெருங்கடலிலோ அதே சாய்வு சேர்ந்து சேர்ந்து அரை மீட்டர் ஆகிறது. ஆக, புஷ்கரிணிக்கும் சந்திரனின் விசை உண்டு. அதைக் காட்டுவதற்கு வேண்டிய அகலம் மட்டும் இல்லை.

இங்கே இன்னொரு ஐயம் எழுவது இயல்பு. சூரியன் பூமியை ஈர்க்கும் விசை சந்திரனின் ஈர்ப்பைவிட ஏறத்தாழ 178 மடங்கு பெரியது. அப்படியிருக்க, ஓதத்தில் சந்திரனுக்கு ஏன் முதலிடம்? ஏனெனில் ஓதத்தை உண்டாக்குவது ஈர்ப்பின் அளவன்று. பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் இடையே அந்த ஈர்ப்பில் உள்ள வேறுபாடு. சந்திரன் சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் உள்ளது. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. ஆகவே சந்திரனை நோக்கிய கடல், பூமியின் மையத்தைவிட அறுபதில் ஒரு பங்கு அதற்கு அருகில் இருக்கிறது. சூரியனோ 15 கோடி கி.மீ. தொலைவில், அந்தத் தொலைவுக்கு முன் பூமியின் ஆரம் ஏறத்தாழ 23,500-இல் ஒரு பங்கு. இந்த இரண்டு பின்னங்களையும் 178 மடங்கோடு வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்; சூரியனின் ஓதவிசை சந்திரனுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 46 விழுக்காடு, என்று வரும்.

இந்த வேறுபாடுதான் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றங்கள் வருவதற்கும் காரணம். சந்திரன் ஒரு பக்கம் மட்டுமே நிற்க, எதிர்ப்பக்கத்துக் கடலும் ஏன் உயர்கிறது என்பது பலரையும் குழப்பும் இடம். பூமி முழுவதும், அதன் மையம் பெறும் சராசரி ஈர்ப்புக்கேற்ப, இடைவிடாமல் சந்திரனை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறது. சுற்றிவருவதால் மோதாமல் இருக்கிறது. அருகிலுள்ள கடல் அந்தச் சராசரியைவிட மிகுதியாக ஈர்க்கப்பட்டு முந்துகிறது. எதிர்ப்பக்கத்துக் கடல் சராசரியைவிடக் குறைவாக ஈர்க்கப்பட்டுப் பின்தங்குகிறது. முந்தியதும் மேடு, பின்தங்கியதும் மேடு. பூமி சுழல்கையில் ஒவ்வொரு கரையும் இரு மேடுகளையும் கடந்து செல்கிறது. அதற்குள் சந்திரனும் தன் பாதையில் சற்று நகர்ந்துவிடுவதால், ஒரு சுற்றுக்கு 24 மணி 50 நிமிடம் ஆகிறது. இன்று காலை ஆறு மணிக்கு ஏற்றம் என்றால், அடுத்தது மாலை ஆறேகால் மணிக்குப் பின். நாளைக் காலை ஏழு மணிக்குச் சற்று முன்.

நியூட்டன் 1687-இல் இந்தக் காரணத்தைக் கூறினார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், கலிலியோ போன்ற மேதையே ஓதத்துக்குச் சந்திரன் காரணம் என்பதை ஏற்க மறுத்து, பூமியின் அசைவால் கடல் தளும்புகிறது என்று வாதிட்டார். கலிலியோவின் விடை தவறு. ஆனால் தளும்பல் என்ற சொல்லில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

கடலில்லாத திருப்பதி, சித்தூர் நகரங்களில் ஓதமே இல்லை என்றும் கருத வேண்டாம். பூமியின் பாறையோடும் முற்றிலும் விறைப்பானதன்று. சந்திர சூரியரின் விசைக்கு அதுவும் நெகிழ்கிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நம் காலடி நிலம் ஒரு சாணுக்குக் குறையாமல் உயர்ந்து தாழ்கிறது. சேஷாசலக் குன்றுகளும் கோபுரமும் வீடும் சாலையும் அனைத்தும் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே தாழ்வதால் எவருக்கும் தெரிவதில்லை.

காற்றிலும் ஓதம் உண்டு. அதை ஆராயும் இடம் நம் வாசகர் பலர் பேருந்தில் கடந்து செல்லும் இடமே. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் உள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இயங்குகிறது. அங்கே 1,024 ஆன்டெனாக்கள் தரையில் வரிசை வரிசையாக நிற்கும் ரேடார் ஒன்று, 1990-களிலிருந்து, மேலே வீசும் காற்றை அளந்து வருகிறது. திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் 2013-இல் நிறுவப்பட்ட ரேடார் ஒன்று, எரிகற்கள் விட்டுச்செல்லும் தடங்களைக் கொண்டு 80 முதல் 100 கி.மீ. உயரத்துக் காற்றின் போக்கைக் கணிக்கிறது.

வளியோதத்தில் ஒரு வியப்பு: கடலில் முதலிடம் பெறும் சந்திரன் இங்கே பின்னுக்குப் போய்விடுகிறது. நீராவியும் ஓசோனும் சூரிய வெப்பத்தை உறிஞ்சுவதால் காற்று நாள்தோறும் விரிந்து சுருங்குகிறது. இங்கே சூரியனின் ஈர்ப்பைவிட அதன் வெப்பமே ஓதத்தை எழுப்புகிறது. அதனால் இது சந்திரனைப்போல் நாளுக்கு ஐம்பது நிமிடம் பின்தள்ளிப் போவதில்லை. கடிகாரத்தை ஒட்டி வருகிறது. நம் பகுதியில் காற்றழுத்தமானியைக் கவனித்தால், காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் அழுத்தம் உச்சம் அடைவதையும், விடியற்காலை நான்கு, மாலை நான்கு மணிகளையொட்டித் தாழ்வதையும் காணலாம். தரையில் இது சில மில்லிபார் மட்டுமே. மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால் அதே ஓதம் பெருகி, 90 கி.மீ. உயரத்தில் வினாடிக்குப் பல பத்து மீட்டர் வேகக் காற்றாகிறது.

நிலத்தில் வாழ்வோர் ஓதத்தோடு கொண்ட உறவு இன்னொன்றும் உண்டு. ரேணிகுண்டா நிலையத்தில் இறங்குவோர், மஞ்சள் நிறப் பெயர்ப்பலகையின் அடியில் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். எந்தக் கடலின், எந்த நேரத்து மட்டம்? கடல்தான் ஒரு கணமும் ஒரு நிலையில் நிற்பதில்லையே! சேமிப்புக் கணக்கின் சராசரி இருப்பைக் கணக்கிடுவது போல, துறைமுகங்களில் ஏற்றமும் வற்றமும் பல ஆண்டுகள் இடைவிடாமல் குறிக்கப்பட்டு, அவற்றின் சராசரி எடுக்கப்பட்டது. 1858 முதல் 1909 வரை நடந்த இந்திய மட்ட அளவைப் பணிக்கு அடிப்படையாக அமைந்த ஒன்பது துறைமுகங்களில் சென்னையும் நாகப்பட்டினமும் அடங்கும். இந்தியத் துறைமுகங்களின் ஓதத்தை முன்கூட்டியே கணிப்பதற்கென்று 1879-இல் லண்டனில் பற்சக்கரங்களாலும் கப்பிகளாலும் ஆன இயந்திரம் ஒன்றே செய்யப்பட்டது. இன்றும் ஓத அட்டவணைகளை இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது.

இனிக் கடலுக்குச் செல்வோம். அதற்கு வழிகாட்ட ஓர் ஆறு இருக்கிறது. பழைய சித்தூர் மாவட்டக் குன்றுகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தங்கி, சுருட்டப்பள்ளியைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஆரணியாறு, பொன்னேரி வழியாகச் சென்று பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. 2022 ஏப்ரல் 4 அன்று புதிய மாவட்டங்கள் அமைந்தபோது சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன. மலைக்குப் பெயர்பெற்ற திருப்பதி அன்றுமுதல் ஒரு கடற்கரை மாவட்டம்.

பழவேற்காடு, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வடக்கு தெற்காக ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் நீளம். ஆழமோ சராசரியாக ஒரு மீட்டர் அளவே. ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு இதனைக் கடலிலிருந்து பிரிக்கிறது. தெற்கே பழவேற்காட்டு ஊருக்கு அருகில் உள்ள முகத்துவாரமே கடல் உள்ளே வந்துபோகும் முதன்மையான வாசல். அந்த வாசலில் நின்றால் நீர் ஆறுமணி நேரம் உள்நோக்கியும் ஆறுமணி நேரம் வெளிநோக்கியும் ஓடுவதைக் காணலாம். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையில் நின்றாலோ அந்த ஓட்டம் அநேகமாகத் தெரியாது. ஆழமற்ற நீரில் உராய்ந்து உராய்ந்து வடக்கே போகும் முன்பே ஓதம் ஓய்ந்துவிடுகிறது.

இவ்வாசலில் வாழ்வோருக்குப் பஞ்சாங்கமே ஓத அட்டவணை. சந்திரன் சூரியனை விட்டுப் பன்னிரண்டு பாகை விலகினால் ஒரு திதி. ஓதத்தின் வலிமையைத் தீர்மானிப்பதும் அதே கோணமே. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று விசையைக் கூட்டுகின்றன. ஓரிரு நாள் கழித்து ஏற்றம் மிக உயர்ந்தும் வற்றம் மிகத் தாழ்ந்தும் வரும். அட்டமியை ஒட்டி இரண்டும் செங்கோணத்தில் நிற்பதால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கிறது, ஓதம் சோர்கிறது. சந்திரன் ஏறத்தாழ 3,57,000 கி.மீ. வரை நெருங்கியும் 4,06,000 கி.மீ. வரை விலகியும் செல்வதால், அதன் ஓதவிசை ஒன்றரை மடங்கு வரை மாறுபடுவதும் உண்டு. திதி பார்ப்பதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர், வலை கட்டுவோரிடம் அதைச் சொல்லும் முன் சற்று யோசிக்கலாம்.

சென்னை, பழவேற்காட்டுக் கரையில் பெரிய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் என்றால், கங்கை முகத்துவாரத்துச் சாகர் தீவில் அது ஏறத்தாழ ஐந்து மீட்டர். குஜராத்தின் பாவ்நகரில் பத்து மீட்டருக்கும் மேல். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் பதினாறு மீட்டர். பாம்பனிலோ ஒரு மீட்டரும் இல்லை. இத்தனைக்கும் சந்திரன் ஒன்றே. இங்குதான் தளும்பலுக்கு இடம் வருகிறது. இடுப்பில் குடம் சுமந்து நடப்பவரின் நடைவேகமும் குடத்துநீரின் ஆட்டமும் ஒத்துப்போனால் நீர் சிந்திவிடும்; ஒத்துப்போகாவிட்டால் சிந்தாது. அதுபோல ஒவ்வொரு கடலுக்கும் வளைகுடாவுக்கும் அதன் நீளம், ஆழத்துக்கேற்ற ஓர் ஆட்டக் காலம் உண்டு. அது பன்னிரண்டரை மணிக்கு நெருங்கி வந்தால் ஓதம் பெருகும். அகன்ற, ஆழமற்ற கடலடித் திட்டும் புனல்போல் குறுகும் கரையும் நீரை மேலும் நெருக்கி உயர்த்தும். பிரான்சு நாட்டு லாப்லாஸ் 1770-களில் ஓதத்தை இவ்வாறு கடல்மீது நகரும் நெடிய அலையாகக் கணக்கிட்ட பின்னரே இந்த வேறுபாடுகளுக்கு விளக்கம் கிடைத்தது. நம் கரையோ நேரானது. கடலடித் திட்டு குறுகியது. ஆகவே நமக்கு எளிய ஓதம்.

எளிய ஓதம் என்பதில் வசதியும் உண்டு, துன்பமும் உண்டு. பழவேற்காட்டின் துன்பம் இதுதான். கிழக்குக் கரையோரம் அலைகள் ஆண்டு முழுவதும் மணலை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. மொத்தத்தில் அந்த நகர்வு வடக்கு நோக்கியது. அம்மணல் முகத்துவாரத்தின் குறுக்கே வந்து படிகிறது. அதை அள்ளி வெளியேற்றுவது வற்றத்தின்போது ஏரியிலிருந்து பாயும் நீரின் வேகமே. ஏரியின் நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர் பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்கினால், ஒரு கோடி கனமீட்டர் நீர் அந்த வாசல் வழியே போய்வர வேண்டும். அவ்வளவு நீர் ஓடும்வரை வாசல் தன்னைத்தானே தூர்வாரிக்கொள்ளும். ஏரி மேடிட்டு, நீர் வந்துபோகும் அளவு குறைந்தால் வேகம் குறையும்; வேகம் குறைந்தால் மணல் தங்கும்; மணல் தங்கினால் வரும் நீர் இன்னும் குறையும். பாவ்நகர்போல் பத்து மீட்டர் ஓதம் இருந்தால் இந்த மணல் ஒரு பொருட்டாகாது. ஒரு மீட்டர் ஓதத்துக்கு அது பெரும்பாரம். மழைக்காலத்தில் ஆரணியும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளம் வாசலைத் திறந்துவிடும். கோடையில் அது மீண்டும் குறுகும்.

வாசல் அடைபட்டால் முதலில் பாதிக்கப்படுவது இறால். அது கடலில் பிறக்கிறது. குஞ்சாக இருக்கையில் ஏற்றத்தோடு ஏரிக்குள் வருகிறது. வளர்ந்தபின் வற்றத்தோடு கடலுக்குத் திரும்புகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் வலை கட்டி அதைப் பிடிக்கும் இடங்களை, ஏரிக்கரை மீனவர்கள் பாடு என்னும் பழைய முறைப்படி சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றனர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் எல்லாக் குடும்பங்களுக்கும் மாறி மாறி வருவதற்கான ஏற்பாடு அது. ஆனால் பங்கிடுவதற்கு ஓட்டம் இருந்தாக வேண்டும். வாசல் மூடிய ஆண்டில் சீட்டில் எந்த இடம் விழுந்தாலும் ஒன்றுதான். கடலுக்குச் செல்லும் படகுகளுக்கும் அதே வாசல்தான் வழி. மணல் திட்டில் படகு தட்டிக் கவிழும் ஆபத்தும் அங்கேதான்.

வெள்ளக் காலத்தில் ஓதத்தின் நேரம் வேறுவகையில் முக்கியமாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பகுதியில் பெருமழை பெய்து ஆரணியாற்றில் வரும் நீர், கடல் வற்றியிருக்கும் வேளையில் முகத்துவாரத்தை அடைந்தால் விரைந்து வடியும். ஏற்றத்தின்போது வந்தால் தேங்கிப் பின்னோக்கி எதுக்களிக்கும். புயல் கரை கடக்கையில் காற்று தள்ளிக்கொண்டு வரும் கடல்நீரும் அவ்வேளை ஓதத்தின் மேல் ஏறி நிற்கும். புயலின் வலிமை ஒன்றேயாயினும், ஆறு மணி நேரம் முன்பின்னானால் தாழ்வான குப்பங்களில் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் வேறுபடலாம். புயல் எச்சரிக்கைகளில் ஓத உயரத்தைத் தனியே குறிப்பிடுவது இதனால்தான்.

கடலின் ஏற்றத்தாழ்வை வானிலிருந்தும் அளக்கிறார்கள். அந்தப் பணிக்காக இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய சரள் செயற்கைக்கோள் 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே ஏவப்பட்டது. எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் சொல்லும் கருவி அதில் இருந்தது. அது புறப்பட்ட ஏவுதளத்துக்கு மேற்கே, ஓதம் எட்டாத ஏரியின் வடபகுதி ஒவ்வொரு கோடையிலும் வற்றி உப்புப் பொரிந்த சேற்றுவெளியாகிறது. அந்தப் பக்கம் ராயதொருவில் தூர்ந்துபோன முகத்துவாரத்தைத் திறந்துவிட வேண்டும் என்பது சூளூர்ப்பேட்டைப் பகுதி மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. தெற்கு வாசலின் இருபுறமும் கற்சுவர் எழுப்பும் பணியைத் தமிழ்நாடு அரசு அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டது. சுவர் ஓதத்தை உயர்த்தாது. வரும் ஒரு மீட்டர் ஓதத்தைக் குறுகிய வழியில் விரைந்து ஓடச் செய்து, மணலை அதன் கையாலேயே அகற்றவைக்கும். அது எந்த அளவுக்குப் பலித்தது என்பதை ஒவ்வொரு கோடையிலும் சித்திரை, வைகாசி மாத அட்டமி நாட்களில், ஓதம் மிகச் சோர்ந்திருக்கும் வேளையில், வாசலில் நீர் ஓடுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.